கைக்கு எட்டும் இடம்

செப்டம்பரின் முதல் வெள்ளி.
கெமி துறைமுகத்தில் கிரேன்கள்
நனைந்துகொண்டு நிற்கின்றன.
நான் மேசை விளக்கடியில்
மகளின் நீலச் சட்டையிலிருந்து
குருளையர் முத்திரையைப் பிரிக்கிறேன்,
சவர பிளேடால், தையல் தையலாக.

முத்திரை வந்துவிட்டது.
அது இருந்த இடம் வரவில்லை:
மூன்று வருட வெயிலும் சோப்பும் தொடாத ஒரு வட்டம்,
கடையில் வாங்கிய நாளின் நீலத்தில்.

நாளை முதல் அவள் பெரிய பிள்ளைகளின் அணி.
பத்து வயது.
விறகு பிளக்கலாம். இடுப்பில் கத்தி செருகலாம்,
கேட்டுவிட்டு.
முதல் சனியே காட்டில் ஓர் இரவு.

அணித்தலைவி ரீத்வா அனுப்பிய பட்டியல்
ஃப்ரிட்ஜ் கதவில் தொங்குகிறது.
கம்பளிக் காலுறை, மரக்கோப்பை, மழைச்சட்டை,
"நாய் பொம்மைக்கு அனுமதி உண்டு."
கடைசி வரி மட்டும் கொட்டை எழுத்தில்:
சுமப்பவர்தான் மூட்டையைக் கட்ட வேண்டும்.
அந்த வரி கண்ணில் படாதவனாக இருந்துவிட்டேன்.

பட்டியலில் இல்லாத ஒன்று இருந்தது.

போன ஆகஸ்ட், ஏரிக்கரை முகாம்.
விடிகாலை நாலரைக்கு ஃபோன்.
"கெர்த்துவுக்கு வயிற்றுவலி" என்றாள் ரீத்வா,
பக்கத்தில் யாரோ காது கொடுத்து நிற்கும்போது
சொல்லும் குரலில்.
எழுபது கிலோமீட்டர்.
வழியில் இரண்டு கலைமான்கள்
சாலைக்குப் பட்டா வாங்கியவைபோல் நடந்தன.
போய்ச் சேர்ந்தால்
உறக்கப்பை சுருட்டிக் கட்டியிருந்தது, மிக மிக இறுக்கமாக.
அவள் வேறு யாருடைய காற்சட்டையிலோ நின்றாள்.
வீடு வரும்வரை அவளும் பேசவில்லை, நானும்.
வைப்பர் மட்டும் இல்லை இல்லை என்றது.
ரொவனியெமியில் இரவுப் பணியில் இருக்கும்
அவள் அம்மாவுக்கும் வயிற்றுவலிதான்
சொல்லப்பட்டது.

ஆகவே இன்று ஒரு சிறிய துணிப்பையில்
இரண்டு உள்ளாடை, ஒரு காற்சட்டை,
நான்காக மடித்த குப்பை உறை, ஈரத்துணி.
வெளியே பேனாவால் எழுதினேன்: ஷூ துடைக்க.
மூட்டையின் அடியோடு அடியில் வைத்து
மேலே பானை, அதன்மேல் ஸ்வெட்டர்,
அதன்மேல் நாய் பொம்மையைக் காவலுக்குப் போட்டேன்.
லிஃப்ட் பழுதுபார்ப்பவன் நான்.
எடையை எங்கே இறக்குவதென்று தெரியும்.

சாவ்னாவிலிருந்து ஈரத்தலையோடு வந்தாள்.
பட்டியலைப் படித்தாள், கடைசி வரி உட்பட.
மூட்டையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள்.
சமையலறைத் தரையெல்லாம் முகாம்.
"இது எதுக்கு ரெண்டு?"
"பானை அவங்க கொண்டுவருவாங்க, அப்பா."
"இந்தக் காலுறை குத்தும்."

துணிப்பை கைக்கு வந்தது.
எழுதியிருந்ததைப் படித்தாள்.
திறந்தாள். மூடினாள்.
எனக்கு ஊசி விரலில் ஏறியது.

"அடியில வெச்சா
ராத்திரி இருட்டுல எப்படி எடுக்கிறது?"

அவ்வளவுதான் கேட்டாள்.
பக்கவாட்டு ஜிப்பைத் திறந்து
டார்ச்சுக்குப் பக்கத்தில் செருகினாள்.
பிறகு கண்களை இறுக மூடிக்கொண்டு
கையால் தேடி எடுத்துப் பார்த்தாள்.
திரும்பவும் வைத்தாள். திரும்பவும்.
மூன்றாம் முறை நான் எண்ணினேன்: நான்கு நொடி.
"ரொட்டி இருக்கா?" என்றாள்.

அவள் தூங்கி ஒரு மணி நேரம் ஆகிறது.
புது முத்திரையைத் தைத்து முடித்து
சட்டையை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தேன்.
பழைய வட்டத்தை முழுக்க மூடவில்லை;
ஓரத்தில் நகக்கண் அளவு நீலம் எட்டிப்பார்க்கிறது.
அது போகட்டும்.
சட்டைப்பைக்குள் விரல் விட்டுப் பார்த்தால்
போகவில்லை.
முத்திரையோடு சேர்த்துப்
பையின் வாயையும் தைத்திருக்கிறேன்,
கெட்டியாக, இரட்டை நூலில்.

பஸ் எட்டு மணிக்கு.
பிளேடை எங்கே வைத்தேன்?