நாலு டிகிரி

பாகலூர் ரோட்டில்
டயர் கடைக்கும் ஏடிஎம்முக்கும் நடுவே
எங்கள் கடை.
வெளியே டிசம்பர். உள்ளே இன்னும் கொஞ்சம் டிசம்பர்.
கண்ணாடிப் பெட்டிக்குள் நாலு டிகிரியில்
உருளை உருளையாய்ப் படுத்திருக்கும்
சிக்கன் சலாமி, மிளகு போட்டது, போடாதது,
ரோஸ் நிற ஹாம்.
நான் வெட்டுகிறவள்.
மெஷின் என் வயிற்றின் உயரம்.
ஆறாம் மாதம் பிறந்ததிலிருந்து
சற்றே பக்கவாட்டில் நின்றுதான் வெட்டுகிறேன்.

பப்பாளி கூடாது என்றாள் நாத்தனார்.
அன்னாசி கூடாது, எள் கூடாது,
கிரகணத்தன்று கத்தி தொடவே கூடாது.
அன்றைக்கும் ஒன்றரைக் கிலோ வெட்டினேன்.
மாதேஷ் குங்குமப்பூ வாங்கி வந்தான்,
விரல் நகம் அளவு டப்பா,
என் ஒரு நாள் சம்பளம்.
இந்தப் பெட்டியைப் பற்றி மட்டும்
ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்ல, அவர்களுக்கு இதன் பெயரே தெரியாது.

மத்தியானம் ஓரத்துத் துண்டுகள் எனக்கு.
வட்டம் சரியாக விழாதவை.
ரொட்டிக்கு நடுவில் வைத்து, நின்றபடியே.
உப்பும் புகையும்.
வாந்தி நின்ற மாதத்தில்
நாக்கு வாய்விட்டுக் கேட்ட ஒரே ருசி.

மத்திகிரி ஆஸ்பத்திரியில்
பிக்மி நம்பரைச் சரிபார்த்தபடியே
என்ன வேலை என்றார் நர்ஸ் சகாயராணி.
சொன்னேன்.
பேனா நின்றது.
"சாப்பிடுவியா?"
தலையாட்டினேன்.
"சூடு பண்ணாமலா?"

குளிருக்குச் சாகாத கிருமி ஒன்று இருக்கிறதாம்.
மற்றதெல்லாம் சுருண்டு தூங்கும் இடத்தில்
இது மெல்ல மெல்லக் குடும்பம் பெருக்குமாம்.
வாடை வராது. நிறம் மாறாது.
எனக்கு வந்தால் லேசான காய்ச்சல்,
உடம்பு வலி, ஒரு நாள் லீவு.
உள்ளே இருப்பதற்கு வந்தால்...
மிச்சத்தைச் சொல்லவில்லை.
நோட்டின் ஓரத்தில் எழுதித் தந்தார்:
ஆவி பறக்கணும்.

சனிக்கிழமை ராத்திரி கரண்ட் போனது.
காலையில் பெட்டியின் முள் பதினொன்றில் நின்றது.
"ஒரு ராத்திரிதானே, பனிக்காலம் வேற,"
என்றார் முதலாளி சீனப்பா.
என் கையில் ஸ்டிக்கர் ரோல் ஒன்றை வைத்தார்.
எல்லாப் பாக்கெட்டுக்கும் புதுத் தேதி.
ஒட்டினேன்.
நகத்தால் பழையதைச் சுரண்டிச் சுரண்டி
ஒட்டினேன்.

பதினோரு மணிக்கு ஒருத்தி வந்தாள்.
கழுத்தில் கம்பெனி ஐடி கார்டு,
இடுப்பில் இடது கை,
லேசான பக்கவாட்டு நிற்பு.
அந்த நிற்பை எனக்குத் தெரியும்.
"சலாமி இருநூறு கிராம். மெல்லிசா."

ஓசூரில் ரகசியம் பேச மொழி கிடையாது.
தமிழ், தெலுங்கு, கன்னடம்
மூன்றிலும் கணக்குப் போடுவார் சீனப்பா.
கல்லா நாலடி தூரம்.
மெஷினைப் போட்டேன்.
கறி வைக்காமல் வெறுமனே சுற்றவிட்டேன்.
அந்தச் சத்தத்துக்கு அடியில் குனிந்து
சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.
கிருமியின் பெயர் வாயில் நுழையவில்லை.
"ஆவி பறக்கணும், இன்னைக்கு அதுவும் வேணாம்,"
என்று மட்டும் வந்தது.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை,
ஏப்ரனைப் பார்த்தாள்.
முட்டை ஒரு டஜன் வாங்கிக்கொண்டு போனாள்.

"என்ன கேட்டா?"
"முட்டை புதுசான்னு கேட்டாங்க."
"கறி ஏன் வெட்டலே?"
"பிளேடு மக்கர் பண்ணுது."

சாயங்காலம் ராகிக்களி கிண்டினாள் நாத்தனார்.
உருண்டையைத் தட்டில் வைத்ததும்
ஆவி கண்ணில் அடித்தது.
விரலை வைக்க முடியவில்லை. வைத்தேன்.
நகக்கண்ணில் இன்னும் ஸ்டிக்கர் பசை.

அவள் வருவதற்கு முன்பே,
ஒன்பது மணிக்கு,
புதுத் தேதியோடு இரண்டு பாக்கெட் போயிருந்தது.
ஹெல்மெட் கழற்றாத ஒரு ஆள்.
சில்லறை சரியாகக் கொடுத்தான்.
அவன் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்
என்று நான் கேட்கவில்லை.