சைக்கிள் தாங்கி

சட்பரியில் ஜூலை. தகரக் கொட்டகைக்குள்
பன்னிரண்டு முகமூடிகள்.
கறுப்புக் கண்ணாடி இறங்கியபின்
எது ரெஜான், எது ஷைலீன் என்று
சப்பாத்தைப் பார்த்துத்தான் சொல்வேன்.

பொறியைப் பார்க்காதே, உருகுவதைப் பார்
என்று கத்தியே தொண்டை கட்டிவிட்டது.
ரெஜான் பொறியைத்தான் பார்த்தான்.
அவன் வைத்த பற்று
கோழி கிளறிய மண்.
"பிடிக்குதுதானே, மிஸ்?"
சுத்தியலால் மூன்று தரம் அடித்தேன்.
பிடித்தது.

கடைசி வெள்ளி, நூலக வாசலில் இறக்கினோம்.
ஒரு கால் ஆடியது.
ஷைலீன் பீட்சாப் பெட்டியைக் கிழித்து
மடித்துச் செருகினாள். ஒரே சிரிப்பு.
எல்லாரும் ரெஜானைப் பார்த்தார்கள்.
அந்தக் காலை அளந்து வெட்டியது நான்.
சொல்லவில்லை.

ஒக்டோபர் மழையில்
அளவுநாடாவோடு போனேன்.
அட்டை ஊறிக் கஞ்சியாகிக் கிடந்தது.
தாங்கியில் யாரோ பூட்டிய
சிவப்புச் சைக்கிள்,
சீட்டுக்கு மளிகைக்கடைப் பை கட்டி.