நாலு மணிக் காவல்

என் பெயர் தெக்லே.
சாஹெல் மலையில் இருந்த பதினோரு வருடமும்
"ஏழாம் குழுவின் புகைக்காரன்" என்றால்தான் தெரியும்.

நிலத்துக்கடியில் அடுப்பு.
புகை போக நாற்பது முழ வாய்க்கால்,
மேலே முள்ளும் ஈரச் சாக்கும்.
ஒரு நூல் வெளியே தப்பினாலும்
அதைப் பிடித்துக்கொண்டு விமானம் கீழே வரும்.

முறை வைத்துச் சமைத்தோம், ஆணும் பெண்ணும்.
முதல் வாரம் நான் ஊற்றிய தைத்தா
ஓரம் கருகி, நடு வேகாமல்
கூழாகக் கிடந்தது கல்லில்.
ஏழு வயதுக்கு மேல் அடுப்படியில் கால் வைத்ததில்லை நான்.
வைத்தால் மீசை முளைக்காது என்பார்கள் எங்கள் பக்கம்.

ஜுஃபான் அதைச் சாப்பிட்டாள், முகம் சுளிக்காமல்.
எங்கள் குழுத் தலைவி.
"வெளியிலிருந்து உள்ளே சுற்று.
கையை அல்ல, மணிக்கட்டை."
எறிகணைக்குத் தூரம் சொல்வதும்
இதே குரலில்தான்.

ஒக்பாய் செத்த இரவு
மண்மூட்டையில் முகம் புதைத்திருந்தேன்.
யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன்.
பக்கத்தில் வந்து குந்தினாள்.
ஆம்பிளை அழலாமா என்று கேட்கவில்லை.
"அழு. உன் காவல் நாலு மணிக்குத்தான்."
சொல்லிவிட்டுத் துப்பாக்கி துடைக்கப் போய்விட்டாள்.

நாலு மணி வரை அழுதேன்.
நாலு மணிக்குக் காவல் பார்த்தேன்.

அப்புறம் வென்றோம்.
எல்லாம் மளமளவென்று நடந்தது.
பிளாஸ்டிக் செருப்பைக் கழற்றினோம்.
அவளுக்கு யாரோ ஒரு வெள்ளைச் சால்வை கொடுத்தார்கள்,
எனக்கு ஓட்ட ஒரு பேருந்து.

போன சனிக்கிழமை கெரெனில் ஒரு கல்யாணம்.
கூடாரத்தில் பழைய ஆட்கள், கையில் சுவாக் கோப்பை.
ஒவ்வொருவனும் சிங்கம்.
ஒருவன் டாங்கியைத் தனியாக மறித்தான்,
ஒருவன் மூன்று நாள் தண்ணீரே குடிக்கவில்லை.
யார் யாருக்குப் பேன் பார்த்தோம்,
தீட்டுத் துணிக்குத் தன் சட்டையைக் கிழித்துத் தந்தவன் யார்,
அந்தப் பேச்சை ஒருவனும் எடுக்கவில்லை.
நானும்தான். தொடையில் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

தட்டோடு வந்தாள் ஜுஃபான், தலை மூடி.
சண்டை முழுக்க கஸ்ஸலாவில் கடை வைத்திருந்த
அவள் புருஷன் சொன்னான்:
"இவளும் அங்கேதான் இருந்தாள். சமையலுக்கு."

அவள் கட்டளைக்கு ஓடியவர்கள் ஐந்து பேர் அங்கிருந்தோம்.
ஏதோ விழுந்துவிட்டதுபோல
ஐந்து பேரும் கோப்பைக்குள் பார்த்தோம்.

என் முன்னால் குனிந்தபோது
உதடு அசையாமல் சொன்னாள்:
"புகைக்காரா, அடுப்பு."

எழுந்துவிட்டேன்.
முழங்கால் என்னைக் கேட்கவில்லை.

கொட்டகையில் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள்.
ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.
அடுப்பில் எதுவும் தீயவில்லை.
மாவுக் குடுவையை என் கையில் வைத்தாள்.
இருபத்திரண்டு வருடம்.
வெளியிலிருந்து உள்ளே.
மணிக்கட்டு.
மாவில் கண்கள் திறந்தன, ஒவ்வொன்றாக.
"நடுவில் தடிமன்" என்றாள்.
அவ்வளவுதான்.

சாக்குத் திரைக்கு அப்பால் என்னைத் தேடினார்கள்.
ஆள் வராததால் ஒருவன்
என்னை வைத்தே ஒரு கதை ஆரம்பித்தான்.
பாலத்தருகே தனியாக நின்று சுட்டேனாம்.
அதில் ஜுஃபான் இல்லை,
ஒக்பாய் சிரித்துக்கொண்டே சாகிறான்,
நான் அடுத்த நிமிடமே எழுந்து ஓடுகிறேன்.

இரண்டாவதை ஊற்றினேன்.
புகை கூரை இடுக்கு வழியே,
யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி,
மேலே போய்க்கொண்டிருந்தது.