சய ஒன்று

கொட்பேயில் ஐஸ் மெசின் நின்ற பிறகுதான்
கேட்டது இந்த மௌனம்.
பதினேழு படகு, பதினேழு இழை,
ஒவ்வொன்றும் ஒரு சொக்கெட்டில் காது வைத்தபடி.

பூச்சியம் வந்தால்
மற்றப் பக்கம் "சரி, வைக்கிறன்" என்று
சொல்லிவிட்டுப் போயிருக்கிறது. மூடலாம்.
சய ஒன்று வந்தால் அப்படியில்லை.
ஏன் என்று கேட்க வேண்டும்,
அதுவும் உடனே.

நான் இரண்டையும் ஒரே வரியில் எழுதியிருந்தேன்:
பூச்சியமோ அதற்குக் கீழோ, படகு கரை சேர்ந்தது.

ஒன்பதாம் இழையில் டெஸ்மனின் படகு
பச்சைப் புள்ளியாகத்
துறையில் நிற்கிறது, திரையில்.
துறையில் இல்லை. டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு வந்தேன்.
திருமலைக் குடாவுக்கு வெளியே வாடை பிடித்திருக்கிறது,
மூதூர்ப் பக்கம் ஒரு வெளிச்சமும் இல்லை.
அவன் மனைவி பெனடிற்றா இரண்டு தரம் எடுத்தாள்;
முதல் தரம் "வந்திட்டார்" என்று சொன்னது நான்தான்.

காரணம் தேடினேன். பதிவேட்டில்:
"இது தட்டச்சு இயந்திரம் அல்ல."
சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை.
பிழை நடந்ததும் அதைப் படிக்காமல்
முதலில் பதிவேட்டைத் திறந்திருக்கிறேன்;
திறந்த சின்னப் பிழை
காரணத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டது.
மற்ற இழைகளிடம் கேட்டுப் பயனில்லை.
அவரவர் பிழை அவரவர் மடியில்.

மூன்று ஐம்பதுக்கு வரியைப் பிரித்தேன்.
காரணத்தை முதலில் கையில் எடுத்து வை,
பிறகு கத்து.
இடையில் யாரோ தட்டியதென்றால் திரும்பக் கேள்.
நேரம் கடந்தால்
மஞ்சள்; பக்கத்தில் ஒரு சொல்: தெரியாது.

இப்போது புள்ளி மஞ்சள்.
பெனடிற்றாவின் இலக்கம் போகிறது.
"நான் சொன்னது பிழை அக்கா"
என்பதற்கு மேல் ஒரு பைட்டும் என்னிடம் இல்லை.