பள்ளம் விழுந்த கோடு

கோத்தகிரி, டானிங்டன் முக்குக்கு மேலே
தேயிலைக் கிட்டங்கியின் பின்னறை.
கொப்புள நோய்க்குத் தெளித்த செம்பு
இலையில் எவ்வளவு மிச்சம் என்று நாங்கள் சொல்ல வேண்டும்.
செம்பை விசாரிக்கச் செம்பின் ஒளிதான் ஆகும்.
வேறு வெளிச்சத்துக்கு அது வாய் திறக்காது.

விளக்கு வாங்கக் காசில்லை. செய்தோம்.
பஸ் பட்டறை லேத்தில் தவராசா
செம்புக் கட்டையைக் குடைந்து தந்தான்:
சுண்டுவிரல் நுனி நுழையாத கிண்ணம்.
காற்றை இறைத்து, ஆர்கானைச் சொட்டுச் சொட்டாய் ஊட்டி
முந்நூறு வோல்ட் கொடுத்ததும்
கிண்ணத்துக்கு வெளியெல்லாம் ஊதா வழிந்தது.
அழுத்தத்தைத் திருகத் திருக
சட்டென்று உள்ளே குதித்துப் பதுங்கியது,
பச்சையாக.
போஜன் படுக பாஷையில் ஏதோ கத்தினான்.
கெட்ட வார்த்தையாக இருக்காது.

வரைதாளில் அழையாத ஒரு கூட்டம்.
முந்நூற்றெட்டு நானோமீட்டர் பக்கம், சீப்புப் பல் மாதிரி.
யாரென்று புத்தகம் புரட்டினோம்.
ஜன்னலுக்கு வெளியே நின்றதேதான்:
கோடநாட்டுச் சரிவில் ஏறி வந்த மூடுபனி
ரப்பர் வளையத்து இடுக்கில் நுழைந்து
உடைந்து, பாதித் தண்ணீராய், உள்ளே எரிந்துகொண்டிருந்தது.

மூன்று ராத்திரி குழாயைச் சூடேற்றி உலர்த்தினோம்.
ஜூலைக் காற்று. எங்கோ சில்வர் ஓக் சாயும், கரண்ட் போகும்,
பம்ப் நிற்கும்,
மறுபடி முதலிலிருந்து.

பனி போனது. ஒளி போதவில்லை.
நாலு மில்லியாம்பைப் பதினைந்தாக்கியது நான்.
கண்ணுக்குப் பிரகாசம்.
தாளில் கோடு தடித்து, தடித்த இடத்தின் நடுவே
பள்ளம்.
கிண்ணத்திலிருந்து தெறித்த அணுக்கள்
வாசலில் குழுமி நின்று
பின்னால் வரும் வெளிச்சத்தை விழுங்குகின்றன,
தங்களுடையது என்பதாலேயே.
அந்நிய ஒளியென்றால் தாண்டிப் போயிருக்கும்.

தாளை வாங்கிப் பார்த்தான் தவராசா.
'படியில நிக்கிறவன உள்ள தள்ளுங்க மேடம்.
எறங்குறவனுக்கு வழி வேணுமில்ல?'

கிண்ணத்தின் அடியில் ஊசித் துளை.
பம்பை அங்கே மாற்றினோம்.
ஆர்கான் இப்போது ஜன்னலிலிருந்து பின்னோக்கி ஓடுகிறது,
கூட்டத்தைத் தோளில் கை போட்டு அழைத்துக்கொண்டு.
ஆறு மில்லியாம்ப் போதும்.
பள்ளம் தூர்ந்தது.
முழுக்க இல்லை; மயிரிழை தாழ்வு இருக்கிறது,
போஜன் இல்லை என்கிறான்.

முதல் பொட்டலம் சோலூர்மட்டத்திலிருந்து, எண் பதினேழு.
இலைச் சாம்பலை அமிலத்தில் கரைத்து
சுடருக்கு உறிஞ்சக் கொடுத்தோம்.
நிமிர்ந்து நின்ற கோடு
மெல்லத் தலை தாழ்த்தியது.
பத்து நாள் நான் திட்டிய அதே விழுங்கல்.
இம்முறை விழுங்கியது இலை.

எவ்வளவு தாழ்ந்தது என்று அளந்தேன்.
விரல் விறைத்ததால் எண்ணை இரண்டு தடவை எழுத வேண்டியிருந்தது.