முப்பத்தொன்று

மகஸ்ஸாருக்குத் தெற்கே, கடலைப் பார்த்த காவலறையில்
எண்ணிட்ட அறைகளோடு மரப்பெட்டி ஒன்று இருந்தது.
பதினேழில் என் கைபேசி உறங்கும்,
ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம் விழிக்கும்.
மீன்சந்தை இரைச்சலுக்குள்ளிருந்து
அம்மா கத்துவாள்: சாப்பிட்டாயா?

சென்ற மாதம் பெட்டியைத் திறந்துவிட்டார்கள்.
இனிப் பாடம் திரையில் என்றது
ஐந்து முத்திரை குத்திய சுற்றறிக்கை.
எங்களுக்குத் தெரிந்த ஒரே முறையில் ஏற்றுக்கொண்டோம்:
விடிகாலை நான்கரைக்கு அணிவகுத்து
இடதுகையில் கைபேசி, மார்புக்கு ஒரு சாண் முன்னால்.
"உள்நுழை!" என்ற கட்டளைக்கு
முப்பத்திரண்டு கட்டைவிரல்கள் ஒன்றாய் விழுந்தன.
வைஃபை மட்டும் வரிசை கலைந்து போனது.

பதிவுப் படத்தில் எல்லோருக்கும் முடி இருந்தது.
மொட்டைத் தலையைக் கேமரா நம்பவில்லை.
யூனுஸ் பசோலாங் முதல் வரிசையில் நின்றபடியே
மூன்று நாள் வராதவனானான்.
தண்டனையாக மைதானத்தை ஆறு சுற்று ஓடவிட்டார்கள்.
நான்காவது சுற்றில் பச்சை விளக்கு எரிந்தது.
மூச்சிரைக்கும் முகம்தான் அவன் முகம் போலும்.

இங்கே ஒரு சொல் உண்டு: சியாப்.
தயார் என்று பொருள்.
ஆம் என்பதற்கும் அதுதான், இல்லை என்பதற்கும்.
மன்னியுங்கள், வலிக்கிறது, காதில் விழவில்லை, பசி,
எல்லாம் சியாப், குதிகால் ஓசையோடு.
ராடார் பாடம் முடித்து
"புரிந்ததா?" என்பார் கேப்டன் பத்தாராய்.
கூரைத் தகரம் அதிரும்.

அன்று செயலி கேட்டது, பெயர் கேட்காமல்.
எதிரே வரும் கப்பல் எத்தனை நிமிடத்தில் மோதும்,
எந்தப் பக்கம் திரும்பினால் பிழைப்போம் என்ற பாடம்.
இரண்டு பொத்தான்கள்.
சுவரில் விழுந்தது விடை:
புரியவில்லை, முப்பத்தொன்று.
புரிந்தது, ஒன்று.

மின்விசிறியைத் தவிர எதுவும் அசையவில்லை.
வெல்மின்ஸ் தன் காலணி நுனியையே பார்த்திருந்தாள்.
நூறு தண்டால் என்று
என் தோள்கள் முன்கூட்டியே எண்ணத் தொடங்கின.
கேப்டன் தொப்பியைக் கழற்றினார்,
அதற்குள் எதையோ தேடுபவர்போல் பார்த்தார்.
பதினோரு ஆண்டுகளாக நடத்திய பாடம்.
சியாப் என்று கத்திவிட்டுப் போனவர்கள்
இந்நேரம் எந்தெந்த இருட்டில்
சுக்கான் பிடித்திருக்கிறார்களோ.

"முதலிலிருந்து," என்றார். கட்டளைக் குரலில் அல்ல.

அந்த ஒன்று நான்தான்.
எனக்கும் ஒரு சொல்கூடப் புரியவில்லை.
பெயரில்லை, பார்ப்பவரில்லை, தண்டனையும் இல்லை.
இருந்தும் என் விரல்
குதிகால் சேர்த்துச் சொன்னது:
சியாப்.