முளை

பட்டியலில் நாற்பத்தோராவது பெயர் சென்றாயன்.
தலைவருக்குத் தொண்ணூறாவது பிறந்தநாள்.
உயிரோடு இல்லாதவருக்குக் கேக் வெட்ட முடியாது,
சிறைக் கதவைத் திறந்தார்கள்.

பாலக்கோடு மண்டியில் தக்காளிக் கூடை
இறக்கிக்கொண்டிருந்தபோது
கமிஷன்காரர் போனை நீட்டினார்.
சேலம் சிறை வாசல். சால்வை. சாமந்தி மாலை.
ஒன்றியச் செயலாளரின் கை அவன் தோளில்.
அவன் மட்டும் சிரிக்கவில்லை.
கிலோ நாலு ரூபாய் என்றார் கமிஷன்காரர்
அதே மூச்சில்.

'எதிர்ப்பு இல்லை' என்று
நான் எழுதிக் கொடுத்தேனாம்.
அடியில் ஒரு கைநாட்டு.
எட்டாவது வரை படித்தவள் நான்.
மாதம்மாள் என்று
காலும் புள்ளியும் பிசகாமல் போடுவேன்.

கேட்டிருக்கலாம்.
கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்
என்பது வேறு.

அந்த மாசியில்
மும்முனை மின்சாரம் ராத்திரி ஒரு மணிக்குத்தான் வரும்.
கூட்டுக் கிணறு.
முறை எங்களுடையதா அவனுடையதா என்று
எட்டு மாதமாகப் பேச்சு.
தீர்த்தகிரி எழுந்து போனார்.
மடை மாற்றிக்கொண்டிருந்த சென்றாயன் கையில்
மண்வெட்டி.

ஆறு காயம் என்றது பிரேதப் பரிசோதனை.
தருமபுரி கோர்ட்டில் அவன் வக்கீல்
தற்காப்பு தற்காப்பு என்று
தொண்டை வற்றச் சொன்னார்.
நீதிபதி ஒன்றுதான் கேட்டார்:
"முதல் அடி உயிருக்குப் பயந்து. சரி.
ஆறாவது?"
"இருட்டுங்க," என்றான் சென்றாயன்.
"எண்ணலைங்க."

பிறகு என்னைக் கூண்டில் ஏற்றினார்கள்.
உன் புருஷன் கையில் என்ன இருந்தது?
டார்ச் லைட்டு என்றேன்.

ஆயுள்.

அன்று வெளிப் பெஞ்சில் என் பக்கத்தில்
இரண்டு பெண் போலீசுக்கு நடுவே
ஏரியூர்க்காரி ஒருத்தி.
கழுத்தை நெரித்த கொழுந்தனை
அம்மிக்குழவியால் அடித்தவள்.
ஒரே அடி. எண்ணிவிடலாம்.
அவள் பெயரைப் பட்டியலில்
மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் தேடினேன்.
ஒன்றியத்தில் அவளுக்கு யாருமில்லை போல.

டார்ச் இருந்தது, பொய்யில்லை.
இடது கையில்.
வலது கையில் கடப்பாரை.
போலீஸ் வருமுன் நான்தான்
வரப்பிலிருந்து எடுத்து வந்தேன்.
கழுவும் வேலை இருக்கவில்லை,
அதில் ரத்தமே இல்லை.
ஓங்கினாரா, ஊன்றி நின்றாரா,
எனக்குத் தெரியாது, நான் அங்கே இல்லை.
கிளம்பும்போது அவர் சொன்ன சொல் தெரியும்.
அதை இங்கும் எழுத மாட்டேன்.

கொட்டகைக்குப் பின்னால்
தலை மட்டும் வெளியே தெரிய அடித்து இறக்கினேன்.
பதினோரு வருடமாக ஆடு கட்டுகிற முளை.
எத்தனை ஆடு, எத்தனை கயிறு.
அசையவில்லை.

நிருபர் பையன் பைக்கில் வந்தான்.
"இது நியாயமாம்மா?"
எது என்று கேட்டேன்.
அவனிடம் அடுத்த கேள்வி இல்லை.

மூன்றாம் நாள் பொழுது சாய சென்றாயன் வந்தான்.
காதோரம் முழுக்க நரை.
மன்னிப்புக் கேட்க வந்தானா
கொடுக்க வந்தானா,
அவனுக்கே தெரிந்திருக்காது.
வாசலுக்கு வராமல் கொட்டகைப் பக்கம் நின்றான்.
ஆடு கத்தியது, இழுத்தது.
அவன் ஆட்டைப் பார்க்கவில்லை.
கயிறு போய் முடிகிற இடத்தையே பார்த்தான்.
"மழை உண்டா இந்த வருசம்?"
"இல்லை."

ராத்திரி ஒரு மணிக்கு மின்சாரம் வந்தது.
இரண்டு வீட்டிலும் விளக்கு எரிந்தது.
மோட்டார் போட
யாரும் போகவில்லை.